கொரியன் இனிமை, சைனீஸ் சண்டையா? தொடர்களில் நம் காதில் விழுவது எது (சந்தேகங்களுக்கு விளக்கம்)

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகள்ல ஒண்ணே ஒண்ணை மட்டும்தான் எடுத்துக்கறேன். ஈரோட்டிலிருந்து ஒரு நேயர் கேட்டிருக்காங்க: "கொரியன் சீரியல் கேக்கவே இனிமையா இருக்கு. சைனீஸ் சீரியல்ல காதல் வசனம்கூட சண்டை மாதிரி காதுல விழுது. ஜப்பானீஸ் படபடன்னு ஓடுது. அந்த மொழிகளே அப்படித்தானா? மூணுல தமிழுக்குப் பக்கத்துல ஒலிக்கிறது எது?" படிச்சதுமே சந்தோஷமா இருந்துச்சு. கதையையும் ஹீரோவையும் விட்டுட்டு, காதுல விழுறதைப் பத்தி மட்டும் கேக்கறவங்க குறைவு.

நம்ம பழைய நேயர்களுக்கு என் பல்லவி தெரியும்: மொழி பாதி, மைக் பாதி. தொடர்ல ஒரு மொழி அப்படியே நேரா வந்து நம்ம காதுல விழுறதில்ல. யார் குரல், எங்க பதிவு பண்ணாங்க, எந்த ஊர்ப் பேச்சு, இதெல்லாம் கலந்துதான் வருது. அதைப் பிரிக்காம ஒரு மொழியை இனிமை, இன்னொண்ணைக் கரடுன்னு சொல்லிட்டா அது நியாயமே இல்ல.

முதல்ல அந்தச் சண்டை விஷயம். சைனீஸ் தொடர்கள்ல பெரும்பாலும் கேக்கிறது மாண்டரின். அதுல நாலு தொனி இருக்கு, அதாவது குரல் ஏறி இறங்குற விதம் மாறினா சொல்லோட பொருளே மாறும். அதோட அழுத்தமே இல்லாம லேசா வந்து விழுறது ஒண்ணு. 1930ல ஜாவ் யுவான்ரென்ங்கிற மொழியியலாளர் இதுக்கு ஒரு அளவுகோல் போட்டார். ஒருத்தர் குரலோட அடி 1, உச்சி 5. எண்களை வரிசையாப் படிச்சா குரல் எங்க தொடங்கி எங்க முடியுதுன்னு தெரியும். முதல் தொனி 55, உச்சியிலேயே நிக்கும். ரெண்டாவது 35, நடுவுல இருந்து ஏறும். மூணாவது 214, இறங்கிட்டு ஏறும். ஆனா வாக்கியத்துக்கு நடுவுல வந்தா அந்த ஏற்றம் பெரும்பாலும் இருக்காது, அடியிலேயே முடிஞ்சுடும். நாலாவது 51, உச்சியில இருந்து அடிக்கு ஒரே இறக்கம்.

இந்த நாலாவதுதான் நம்ம காதை ஏமாத்துறது. தமிழ்ல குரலை உயரத்துல இருந்து வெடுக்குன்னு இறக்கினா அது அதட்டல். "போ!", "வை கீழ!" அங்க அது வெறும் சொல்லோட உடம்பு, கோபம் கிடையாது. 'ஆமா', 'இல்ல', 'வேணும்'னு ஒரு வாக்கியத்துல அடிக்கடி வர்ற சொற்கள் எல்லாம் நாலாவது தொனி. அன்பு, காதல்னு சொல்ற 'ஐ' இருக்கே, அதுவும் நாலாவது தொனிதான்! அதனால காதலைச் சொல்ற வாக்கியமே உங்க காதுல அதட்டலா விழுது. அப்போ சைனீஸ்ல நிஜமாவே கோபம் வந்தா எப்படித் தெரியும்? தொனிகளோட வடிவம் மாறாது, அந்த 1க்கும் 5க்கும் நடுவுல இருக்கிற தூரம் விரியும். உச்சி இன்னும் மேல போகும். சோர்ந்துபோய்ப் பேசும்போது அதே தூரம் சுருங்கும். ஏத்த இறக்கம் இருக்கான்னு பார்க்காதீங்க, அது எப்பவும் இருக்கும். எவ்வளவு அகலம்னு கேளுங்க.

இப்போ மைக்குக்கு வர்றேன். சீனத் தொடர்கள்ல, அதுவும் சரித்திரத் தொடர்கள்ல, நீங்க பார்க்கிற முகம் ஒருத்தரோடது, கேக்கிற குரல் இன்னொருத்தரோடதா இருக்கும். 2011ல வந்த 'ஷென் ஹுவான் ஷுவான்' அரண்மனைத் தொடர், 76 எபிசோட். கதாநாயகியா நடிச்சவர் சுன் லி, குரல் கொடுத்தவர் ஜி குவான்லின். இதுக்குக் காரணங்கள் உண்டு. ஜெஜியாங் மாகாணத்துல ஹெங்டியன்னு பிரம்மாண்டமான படப்பிடிப்பு நகரம். அங்க ஒரே நேரத்துல பல குழுக்கள் வேலை செய்யும், பக்கத்து செட்டுல சுத்தியல் சத்தம் கேக்கும், சுத்தமான ஒலி கிடைக்காது. ஹாங்காங், தைவான் நடிகர்களோட உச்சரிப்பு பெய்ஜிங் அரண்மனைக்குப் பொருந்தாது. தணிக்கைக்குப் பிறகு வசனம் மாறினா, மறுபடி படம் பிடிக்கிறதைவிடக் குரலை மாத்துறது சுலபம். அதனால எல்லாமே ஒலிக்கூடத்துல, மைக்குக்குப் பக்கத்துல நின்னு, பயிற்சி பெற்ற குரல்கள் பேசினது. ஒவ்வொரு தொனியும் பாடப்புத்தகம் மாதிரி முழுசா வரும். தெருவுல அப்படி யாரும் பேச மாட்டாங்க.

இதைக் கண்டுபிடிக்கிறது எப்படி? ஓடிவந்து நின்னு பேசுற காட்சியை எடுத்துக்குங்க. மூச்சிரைப்பு வசனத்துக்குள்ள கலந்து வருதா, இல்ல வசனத்துக்கு முன்னாடி தனியா ஒட்ட வெச்ச மாதிரி வருதா? அடுத்து, முற்றத்துல இருந்து அறைக்குள்ள வரும்போது குரலோட எதிரொலி மாறுதா? மாறலைன்னா டப்பிங்னு சந்தேகப்படலாம். மூணாவது, கடைசி டைட்டில்ல குரல் இயக்குநர், குரல் நடிகர்கள்னு தனிப் பட்டியல் ஓடும். இப்போ நடிகர்களோட சொந்தக் குரலோட வர்ற சீனத் தொடர்களும் கூடிட்டு வருது. நிகழ்காலக் கதைகள்ல தேடினா நிறையக் கிடைக்கும். அதைக் கேட்டுட்டு அப்புறம் தீர்ப்பு சொல்லுங்க.

கொரியன்ல இந்த விஷயம் தலைகீழ். அங்க படப்பிடிப்புத் தளத்திலேயே நடிகரோட குரலைப் பதிவு பண்றதுதான் வழக்கம். தலைக்கு மேல ஒரு மைக், சட்டைக்குள்ள ஒரு மைக். அதனால பெருமூச்சு, எச்சில் விழுங்குறது, பாதியில உடையுற குரல், எல்லாம் வரும். நீங்க இனிமைன்னு சொல்றதுல ஒரு பெரிய பங்கு அந்த மூச்சு. திரும்பவும் சொல்றேன், மொழி பாதி, மைக் பாதி.

மீதிப் பாதி என்ன? சியோல் பேச்சுல ஒவ்வொரு சின்னச் சொற்றொடரும் கீழ-மேல, கீழ-மேலன்னு போய், முடிவுல கொஞ்சம் ஏறும். முதல் எழுத்து மூச்சோட வர்றதா, இறுக்கமானதா இருந்தா, ஆரம்பமே மேல இருந்து தொடங்கும். வாக்கியத்தோட கடைசியில 'யோ' வரும். அந்த 'யோ'வை நீட்டலாம், நெளிக்கலாம், வெட்டலாம். கெஞ்சலும் ஊடலும் அங்கதான் இருக்கு. ஆபீஸ், கோர்ட், ராணுவம்னா 'ம்னிதா'ன்னு முடியும், அங்க நெளிவுக்கு இடமில்ல. அதே கொரியன்தான், ஒரு போலீஸ் தொடரைப் போட்டுக் கேளுங்க, இனிமை காணாமப் போயிடும். நீங்க பார்த்தது பெரும்பாலும் காதல் தொடரா இருந்திருக்கும்.

இந்த முடிவுகள் வெறும் ஓசை இல்ல. 'யோ' போட்டுப் பேசிட்டிருந்த ரெண்டு பேர் ஒருநாள் அதை விட்டுட்டு 'பன்மல்'ல, அதாவது உரிமையான பேச்சுல, பேச ஆரம்பிப்பாங்க. கதையில அது பெரிய திருப்பம். ஆங்கில சப்டைட்டில்ல அது வராது, ரெண்டுக்கும் ஒரே 'யூ'தான். தமிழ் சப்டைட்டில் போடறவங்க 'நீங்க'வில இருந்து 'நீ'க்கு மாறினாலே வேலை முடிஞ்சுது. தமிழ் டப்பிங் எழுதறவங்க தயவுசெய்து இதைக் கவனிக்கணும். நம்மகிட்ட இருக்கிற வசதியை விட்டுட்டு ஆங்கிலத்தைப் பார்த்து எழுதறது ரொம்ப வருத்தமா இருக்கு.

தமிழுக்குப் பக்கம் எதுன்னு கேட்டீங்க. வாக்கிய அமைப்புல கொரியனும் ஜப்பானீஸும்தான்: வினை கடைசியில, வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னாடி. ஒலியில கொரியனுக்கு ஒரு அருமையான ஒற்றுமை உண்டு. நாம 'க'ன்னு ஒரே எழுத்தை வெச்சுக்கிட்டு 'கல்'ல ஒரு மாதிரி, 'அங்கே'ல ஒரு மாதிரி சொல்றோம் இல்ல? கொரியன்லயும் சாதாரண வல்லினம் சொல்லோட முதல்ல அதிராம வரும், ரெண்டு உயிருக்கு நடுவுல அதிர்ந்து வரும், எழுத்து ஒண்ணுதான். நல்+மை 'நன்மை' ஆகுற மாதிரி, அங்கயும் மூக்கொலிக்கு முன்னாடி வர்ற மெய் மூக்கொலியா மாறும். 'ஹப்னிதா'ன்னு எழுதி 'ஹம்னிதா'ன்னு படிக்கிறது அதனாலதான்.

ஆனா இங்கதான் தமிழ்க்காரங்க மாட்டிக்குவாங்க. கொரியன்ல வல்லினம் மூணு வகை. நிலா, முகமூடி, மகள், இந்த மூணு சொல்லையும் தமிழ் எழுத்துல எழுதினா மூணுமே 'தல்'. நிலாவுக்கு லேசான த. முகமூடிக்கு மூச்சு பீறிடும் த. மகளுக்குத் தொண்டையை இறுக்கின த, நம்ம 'அத்தை'யில வர்ற 'த்த'வுக்குப் பக்கத்துல இருக்கும். உதட்டுக்கு முன்னாடி ஒரு மெல்லிய தாளைப் பிடிச்சுக்கிட்டுச் சொல்லிப் பாருங்க. முகமூடிக்குத் தாள் நல்லா ஆடணும், நிலாவுக்குக் கொஞ்சம், மகளுக்கு ஆடவே கூடாது. இன்னொரு விஷயம், இப்போ சியோல் இளைஞர்கள் நிலாவையும் முகமூடியையும் மூச்சால பிரிக்கிறது குறைஞ்சு, குரலோட உயரத்தால பிரிக்கிறாங்க. மூச்சு வர்ற எழுத்துக்குக் குரல் மேல போகும். தாள் சோதனை தெளிவா வரலைன்னா உயரத்தைக் கேளுங்க.

அம்மா, அப்பா தமிழ், கொரியன் ரெண்டு மொழியிலயும் இருக்கே, உறவு மொழிகளான்னு திரும்பவும் யாராவது கேப்பீங்க. அதைப் பத்தி முன்னாடியே விரிவாப் பேசியாச்சு. 1905லயே ஹோமர் ஹல்பர்ட்ங்கிற அமெரிக்க மிஷனரி கொரியனையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு எழுதினார். இன்னைக்கு வரலாற்று மொழியியலாளர்கள் அந்த உறவை ஏத்துக்கல. மகரமும் பகரமும் குழந்தை வாயில முதல்ல வர்ற ஒலிகள், பல மொழிகள்ல பெத்தவங்களுக்கு அதுதான் பேர்.

ஜப்பானீஸ் ஏன் ஓடுது? நிஜமாவே ஓடுது. 2011ல வெளியான ஒரு ஆய்வுல ஜப்பானீஸ் நொடிக்கு 7.84 அசை (சிலபிள்), மாண்டரின் 5.18 அசை. ஆனா மாண்டரின்ல ஒரு அசைக்குள்ள தொனியையும் சேர்த்து நிறைய விஷயம் அடங்குது, ஜப்பானீஸ் அசையில குறைவு. 2019ல 17 மொழிகளை அளந்தப்போ எல்லாமே நொடிக்குச் சுமார் 39 பிட் (தகவலை அளக்கிற அலகு) தகவல்ங்கிற இடத்துக்குப் பக்கத்துல வந்து நின்னுது. கால் வேகமா போட்டாலும் போய்ச்சேர்ற நேரம் ஒண்ணுதான்.

இதைப் புரிஞ்சுக்கத் தமிழ் இலக்கணம் படிச்சவங்களுக்குக் கையில சாவி இருக்கு: மாத்திரை. குறில் ஒண்ணு, நெடில் ரெண்டு, மெய் அரை. ஜப்பானீஸும் அப்படி எண்ணுற மொழிதான், ஒரே வித்தியாசம், அங்க சொல்லுக்குள்ள தனியா நிக்கிற 'ன்'னுக்கும், இரட்டிக்கிற மெய்யோட முதல் பாதிக்கும் முழு மாத்திரை. 'நிப்பொன்' நாலு: நி-ப்-பொ-ன். டோக்கியோ நாலு: தோ-ஒ-க்யோ-ஒ. மேசையில விரலால தட்டிக்கிட்டே கேளுங்க. வாக்கிய முடிவுல வர்ற 'தெஸு' 'தெஸ்'னு கேக்குதே, அது நம்ம குற்றியலுகரத்துக்கு உறவு மாதிரி. ஆனா நம்ம உகரம் அரை மாத்திரையாக் குறையும், அங்க உயிரோட அதிர்வுதான் போகும், நேரம் பெரும்பாலும் அப்படியே நிக்கும். ஒசாகா பக்கம் அந்த உயிரைக் கொஞ்சம் தெளிவாவே சொல்லுவாங்க. ஜப்பானோட பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.வோட காலைத் தொடர் 15 நிமிஷம். பொதுவா ஏப்ரல்ல தொடங்குறது டோக்கியோ தயாரிப்பு, அக்டோபர்ல தொடங்குறது ஒசாகா தயாரிப்பு. ரெண்டுலயும் ஒவ்வொண்ணு கேட்டா வித்தியாசம் பிடிபடும்.

நீங்க கேட்டிருக்கலாமேன்னு நான் ஆசைப்படுற கேள்வி, "காதைப் பழக்க எதைக் கேக்கணும்?" அதுக்கு ஒரு நல்ல வழி இருக்கு. யோகோ காமியோ வரைஞ்ச 'ஹனா யோரி டாங்கோ' (பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்)ங்கிற ஜப்பானியப் படக்கதை, அந்த ஒரு கதையே கிழக்காசியாவுல நாலு இடத்துல தொடர் ஆச்சு: 2001 தைவான், 2005 ஜப்பான், 2009 கொரியா, 2018 சீனா. ஜப்பான்ல முதல் பருவம் 9 எபிசோட், கொரியால 25, சீனால ஏறக்குறைய 50. ஏழைப் பொண்ணு பணக்காரப் பையனை எதிர்த்து நிக்கிற காட்சி நாலுலயும் உண்டு. கதை ஒண்ணு, சூழ்நிலை ஒண்ணு. ஆடியோ அசல் மொழியில இருக்கான்னு முதல்ல பாருங்க, பல செயலிகள்ல தானாவே டப்பிங் ஓடும். சப்டைட்டிலோட ஒரு தடவை பார்த்துட்டு, திரையைத் திருப்பி வெச்சுட்டுக் கேளுங்க. முதல் தடவை வாக்கிய முடிவை மட்டும், ரெண்டாவது தடவை நீளம் குறுக்கம் மட்டும், மூணாவது தடவை மூச்சு மட்டும். எல்லாத்தையும் ஒரே தடவையில கேக்கப் போனா எதுவும் நிக்காது. வேகத்தைக் கூட்டிக் கேக்காதீங்க, ஜப்பானீஸ்ல குறிலும் நெடிலும் குழம்பும்.

தைவானையும் சீனாவையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் கேட்டா இன்னொண்ணு தெரியும். ரெண்டும் மாண்டரின். ஆனா தைவான்ல நாக்கை மடிச்சுச் சொல்ற 'ஷ' பெரும்பாலும் 'ஸ' பக்கம் போயிடும். பெய்ஜிங்ல சொல் முடிவுல நம்ம ழகரத்துக்குப் பக்கமா ஒரு 'எர்' ஒட்டும். தைவான் தொடர் மென்மைன்னு பலர் சொல்றது இதனாலதான்.

சிங்கப்பூர், மலேசியா நேயர்கள் ஹாங்காங் தொடர்களைக் கேப்பீங்க. அது கன்டோனீஸ், ஆறு தொனி, அசை முடிவுல ப், த், க்னு வெட்டும். சிங்கப்பூர்ல 1979ல மாண்டரின் பேசுவோம் இயக்கம் வந்த பிறகு அந்தத் தொடர்களை மாண்டரின் டப்பிங்லதான் ஓட்டினாங்க. அப்போ கேட்டவங்க கேட்டது ஹாங்காங் முகம், வேற குரல்.

வட்டாரப் பேச்சை விட்டுடாதீங்க. 2022ல வந்த 'அவர் ப்ளூஸ்' ஜேஜு தீவுக் கதை, கொரியாவிலேயே அந்தப் பேச்சுக்குப் பொதுக்கொரியன் சப்டைட்டில் போட்டாங்க. 2012ல வந்த 'ரிப்ளை 1997' பூசான் நகரத்துக் கதை, அங்க சொல்லுக்குள்ளேயே குரல் ஏறி இறங்குறதால பொருள் மாறும். அதைக் கேட்டா கொரியன் இனிமைங்கிற உங்க வரி கொஞ்சம் மாறலாம். சைனீஸுக்கு, வோங் கார் வாய் இயக்கி 2023 டிசம்பர்ல தொடங்கின 'ப்ளாஸம்ஸ் ஷாங்காய்', 30 எபிசோட். ஷாங்காய்ப் பேச்சுல ஒரு ஒலித்தடம், மாண்டரின்ல ஒண்ணு. ஒரே காட்சியை ரெண்டுலயும் போட்டு, உதட்டைப் பார்த்துக்கிட்டே கேளுங்க. எந்தத் தடத்துல யார் உதடு பொருந்துது, யாருது பொருந்தலைன்னு எழுதி அனுப்புங்க, அடுத்த பகுதியில அந்தக் காட்சிகளை வரிசையா எடுத்துப் பார்ப்போம்.