மரம் இல்லாமல் மரநத்தை இல்லை: ஒவாஹு தீவின் காட்டு மீட்பு

வணக்கம் நண்பர்களே. திரையில் நீங்கள் காண்பது அகாட்டினெல்லா மரநத்தை. ஹவாயின் ஒவாஹு தீவைத் தவிர உலகில் வேறெங்கும் இந்தப் பேரினம் வாழ்வதில்லை. இதன் 41 இனங்களையும் அமெரிக்க அரசு 1981இல் அழியும் நிலையிலுள்ளவையாக அறிவித்தது. ஆயினும் பெரும்பாலானவை மறைந்துவிட்டன. ‘ஜார்ஜ்’ என்று அழைக்கப்பட்ட ஒற்றை நத்தை 2019 ஜனவரி 1 அன்று இறந்தபோது அபெக்ஸ்ஃபுல்வா என்னும் இனமே முடிவுக்கு வந்தது.

நம் ஊர்த் தோட்டங்களையும் நாசம் செய்கிற ஆப்பிரிக்க ராட்சத நத்தையை ஒழிப்பதற்காக, 1955இல் ஓநாய் நத்தை எனப்படும் ஊனுண்ணி நத்தையை ஹவாய்க்குக் கொண்டுவந்தார்கள். அதுவோ சளித்தடத்தைப் பின்பற்றி மரமேறி, ஒரு தீங்கும் செய்யாத இந்த மரநத்தைகளைத் தின்னத் தொடங்கியது. எலிகளும் ஜாக்சன் பச்சோந்திகளும் சேர்ந்துகொண்டன. ஆண்டுக்குச் சில குஞ்சுகளை மட்டுமே ஈனும் உயிரினம் இத்தனை எதிரிகளை எப்படித் தாங்கும்?

ஆகவேதான் ஒவாஹுவின் வயானே மலைத்தொடரில் காட்டின் சிறு பகுதிகளைச் சுற்றி மதில் எழுப்பியிருக்கிறார்கள். ஓநாய் நத்தை ஏறிவராதபடி கோணத்தில் வளைந்த விளிம்பும் செப்பு வலையும் மின்கம்பிகளும் அதில் உண்டு. இந்த மதிலைத்தான் எல்லோரும் வியந்து பேசுகிறார்கள். எனக்கோ அதனுள்ளே நடக்கும் வேலையே பெரிதாகத் தோன்றுகிறது. ஏனென்றால், இந்த நத்தைகள் இலையைத் தின்பதில்லை. இலையின் மேற்பரப்பில் மெல்லிய படலமாகப் படரும் பூஞ்சையைச் சுரண்டித்தான் உண்கின்றன. பகல் முழுவதும் இலையிலோ பட்டையிலோ ஒட்டிக்கொண்டு உறங்குவதற்கு ஈரமும் நிழலும் வேண்டும். எனவே, அயல்நாட்டிலிருந்து வந்து காட்டை மூடிய ஸ்ட்ராபெரி கொய்யாவை வெட்டி அகற்றி, ஓஹியா முதலிய நாட்டு மரங்களை நட்டு வளர்க்கிறார்கள். அதையும் ஒரேயடியாகச் செய்ய இயலாது. நிழல் திடீரென்று போனால் உள்ளே மிஞ்சியிருக்கும் நத்தைகள் காய்ந்துவிடும் என்பதால், படிப்படியாகவே வெட்ட வேண்டும்.

இப்போது அந்த ஓஹியா மரத்தையே ஒரு பூஞ்சை நோய் கொன்றுவருகிறது. சேற்றோடு காலணியில் ஒட்டிக்கொண்டும் அது பரவும். ஹவாய் காட்டுப்பாதைகளில் நடக்கச் செல்வோர், உள்ளே நுழையும்போதும் வெளியேறும்போதும் காலணி மண்ணைத் தேய்த்து அகற்றி, ஆல்கஹால் தெளித்துவிட்டு நடக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.