அன்றாடப் படங்களுக்கு எந்தக் கேமரா? அம்பாசமுத்திரம் நேயரின் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரக் கேள்வியை அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்கிறார். அதை அப்படியே படிக்கிறேன். "அண்ணாச்சி, தொழிலுக்காக அல்ல, வீட்டுக்காக ஒரு டிஜிட்டல் கேமரா வாங்க நினைக்கிறேன். இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள், வீட்டு விசேஷங்கள், ஆற்றங்கரை, எப்போதாவது கூந்தன்குளத்துப் பறவைகள், இவ்வளவுதான் நான் எடுக்கப்போவது. கையில் 60,000 ரூபாய் இருக்கிறது. கடைக்காரர் 60 மடங்கு ஜூம் உள்ள கேமராவைக் காட்டுகிறார். என் மைத்துனர் தம்முடைய பழைய டிஎஸ்எல்ஆரை நியாயமான விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். நண்பரோ மிரர்லெஸ் தவிர வேறு எதையும் தொடாதே என்கிறார். எதை வாங்குவது?"

மூன்று பேரும் மூன்று வகையான கேமராவைச் சொல்லியிருக்கிறார்கள். டிஎஸ்எல்ஆர் என்பது உள்ளே ஒரு கண்ணாடி வைத்து லென்ஸ் வழியே வரும் காட்சியைக் கண்ணுக்குக் காட்டுவது; மிரர்லெஸ் அந்தக் கண்ணாடி இல்லாத புதிய வகை. இரண்டிலும் லென்ஸைக் கழற்றி மாற்றலாம். ஆனால் அந்தப் படங்களை எந்த வெளிச்சத்தில் எடுக்கப்போகிறீர்கள் என்று அவர்களில் ஒருவரும் உங்களிடம் கேட்டதாகத் தெரியவில்லை. என் கணக்கில் கேமராத் தேர்வு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

நம் பக்கத்து வெயிலைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நண்பகலில் திறந்தவெளியில் விழும் ஒளி ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்றால், இரவில் ஒற்றை டியூப்லைட் எரியும் வீட்டுக் கூடத்தில் கிடைப்பது சுமார் 100 லக்ஸ்தான். அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் கண் இந்த வேறுபாட்டுக்குத் தானாகவே பழகிக்கொள்வதால் கூடமும் நமக்கு வெளிச்சமாகவே தெரிகிறது. கேமராவுக்கு அப்படித் தெரிவதில்லை. ஆற்றங்கரையில் காலை வெயிலில் எடுக்கும் படத்தில் கைப்பேசிக்கும் விலை உயர்ந்த கேமராவுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பலரால் சொல்லவே முடியாது. வீட்டுக்குள் ஓடியாடும் மகளைப் படமெடுக்கும்போதுதான் அந்த வித்தியாசம் வெளிப்படும். நீங்கள் சொன்ன பட்டியலில் மகளும் விசேஷங்களும் முதலில் வருகின்றன. இவை பெரும்பாலும் கூரைக்குக் கீழே, பொழுது சாய்ந்த பிறகு நடப்பவை.

இதை ஒரு கணக்காகவே பார்க்கலாம். குழந்தையின் சாதாரண அசைவு கலங்காமல் பதிய, ஷட்டர் வேகம், அதாவது ஒளி உள்ளே விழும் நேரம், குறைந்தபட்சம் ஒரு நொடியில் 125இல் ஒரு பங்காவது இருக்க வேண்டும். ஓடினால் 250, 500 என்று கூட்ட வேண்டும். கேமராவோடு சேர்த்துத் தரப்படும் 18-55 கிட் லென்ஸை முழுவதும் ஜூம் செய்தால் அதன் ஒளி புகும் துளை பொதுவாக எஃப் 5.6 அளவுக்கு மேல் விரியாது (எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிதாகும்). இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு அந்த 100 லக்ஸ் கூடத்தில் படமெடுத்தால், கேமரா தன் ஐஎஸ்ஓவை, அதாவது ஒளிக்கான உணர்திறனை, ஏறத்தாழ 10,000 வரை உயர்த்த வேண்டியிருக்கும். முகத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் படரும், கூந்தலின் இழைகள் குழம்பிப்போகும். அதே இடத்தில், அதே வேகத்தில், எஃப் 1.8 வரை திறக்கும் ஒரு லென்ஸ் இருந்தால் அது ஏறத்தாழ பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும் என்பதால் ஐஎஸ்ஓ 1,000 போதும். கேமராவை மாற்றாமல் லென்ஸை மட்டும் மாற்றியதால் வந்த பலன் இது. ஆகவே 60,000 ரூபாயில் பெரும்பகுதியைக் கேமராவின் உடலுக்கே கொடுத்துவிட்டுக் கிட் லென்ஸோடு நிறுத்திக்கொள்வது உங்கள் தேவைக்குச் சரியான செலவு ஆகாது என்பது என் கருத்து.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். நடுக்கத்தைக் கட்டுப்படுத்தும் வசதி இருக்கிறதே, பிறகு எதற்கு அகலத் துளை லென்ஸ் என்று சிலர் கேட்கிறார்கள். அந்த வசதி உங்கள் கையின் நடுக்கத்தை மட்டுமே சரிசெய்யும். எதிரே இருப்பவர் அசைந்தால் அதனால் எதுவும் செய்ய இயலாது. அசையாத கோபுரத்துக்கும் மலைக்கும் அது உதவும். பாவாடை கட்டிக்கொண்டு சுற்றும் பிள்ளைக்கு உதவாது.

இப்போது கடைக்காரர் காட்டிய 60 மடங்கு ஜூம் கேமராவுக்கு வருவோம். அவ்வளவு நீண்ட ஜூமை ஒரே லென்ஸில், கையில் தூக்கிச் செல்லும் அளவில் அமைக்க வேண்டுமானால் உள்ளே ஒளியைப் படமாக்கும் சென்சாரை மிகச் சிறியதாக வைத்தே ஆக வேண்டும். இவ்வகைக் கேமராக்களில் பொதுவாக இருப்பது சுமார் 6.2 மில்லிமீட்டர் அகலமும் 4.6 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட சென்சார். பரப்பளவில் 28 சதுர மில்லிமீட்டர். தொடக்கநிலை டிஎஸ்எல்ஆரிலும் மிரர்லெஸ்ஸிலும் இருக்கும் ஏபிஎஸ்-சி சென்சாரின் பரப்பளவு நிறுவனத்தைப் பொறுத்து 330 முதல் 370 சதுர மில்லிமீட்டர் வரை வரும். குற்றாலச் சாரலில் முற்றத்தில் ஓர் அண்டாவையும் ஒரு தம்ளரையும் ஒரே நேரம் வைத்தால் எதில் அதிகத் தண்ணீர் சேருமோ, அதுதான் இங்கே ஒளிக்கும் நடக்கிறது. போதாக்குறைக்கு, முழு ஜூமில் அந்த லென்ஸ்களின் துளை எஃப் 6.5 அளவுக்குச் சுருங்கிவிடும். நல்ல வெயிலில் தூரத்துக் கொக்கையும், இரவில் நிலாவையும் அது அழகாகவே எடுத்துத் தரும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மகளின் பிறந்தநாளன்று மாலை ஏழு மணிக்குக் கூடத்தில் எடுக்கும் படத்தில் உங்கள் கைப்பேசியே அதைத் தோற்கடித்துவிடக்கூடும். இது உங்கள் முதல் கேமராவாக இருக்கக் கூடாது.

மெகாபிக்சலைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. 24 மெகாபிக்சல் என்பது 6000க்கு 4000 புள்ளிகள். ஏ4 தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற தரத்தில் அச்சிட 9 மெகாபிக்சலுக்கும் குறைவாகவே தேவைப்படும். நம் ஊர்க் கல்யாண ஆல்பங்களில் வழக்கமான 12க்கு 18 அங்குலப் பக்கம் முழுவதையும் ஒரே படத்தால் நிரப்பினால்கூட 20 மெகாபிக்சலுக்குள் முடிந்துவிடும். உங்கள் படங்கள் வாட்ஸ்அப்பில் உறவினர்களுக்குப் போவதோடு முடிந்துவிடும் என்றால், அங்கே அவை எப்படியும் சுருக்கப்பட்டுவிடும். அந்த நிலையில் இந்த 60,000 ரூபாயைச் செலவழிக்கவே வேண்டாம் என்றுகூடச் சொல்வேன்.

மைத்துனரின் டிஎஸ்எல்ஆர் என்ன மாதிரி என்று நீங்கள் எழுதவில்லை. அது நிக்கான் டி5600, கேனான் 200டி போன்ற ஒன்றாக இருந்து, நல்ல நிலையிலும் இருந்தால், பழையது என்பதற்காக அதைத் தள்ளிவிட வேண்டாம். 2018ஆம் ஆண்டில் நிக்கான் இசட் மவுண்டையும் கேனான் ஆர்எஃப் மவுண்டையும் (மிரர்லெஸ் கேமராக்களில் லென்ஸ் பொருந்தும் வளையம்) கொண்டுவந்த பிறகு, இரு நிறுவனங்களின் கவனமும் மிரர்லெஸ் பக்கம் போய்விட்டது என்பது உண்மைதான்; உங்கள் நண்பர் சொல்வதற்கு அதுதான் காரணம். தொழிலாக எடுப்பவர், அடுத்த பத்தாண்டுகளுக்கு லென்ஸ்களைச் சேர்த்துக்கொண்டே போகிறவர், இதைக் கணக்கில் எடுக்க வேண்டும். ஒரு கேமரா, இரண்டு லென்ஸ் என்று நிற்கப்போகிற குடும்பத்தலைவருக்கு அது அத்தனை பெரிய தடையல்ல. நிக்கானில் 2009 முதல் கிடைக்கும் 35 மில்லிமீட்டர் எஃப் 1.8 டிஎக்ஸ் (ஏபிஎஸ்-சி கேமராவுக்கான) லென்ஸ் போன்றவை பழைய சந்தையில் தாராளமாகப் புழங்குகின்றன. லென்ஸின் மில்லிமீட்டர் எண் கூடக்கூட அதன் பார்வை குறுகும்; சிறிய ஏபிஎஸ்-சி சென்சாரில் இன்னும் குறுகும். அந்த 35 மில்லிமீட்டர், ஏபிஎஸ்-சி கேமராவில், பழைய ஃபிலிம் கேமராவில் ஏறத்தாழ 52 மில்லிமீட்டர் லென்ஸ் காட்டும் பார்வையைத் தருவதால், அறைக்குள் ஒரு குழந்தையையும் அதைத் தூக்கி வைத்திருக்கும் ஆச்சியையும் சேர்த்து எடுக்கச் சரியாக இருக்கும். பலர் மலிவு என்பதற்காக, இதே கேமராவில் இன்னும் குறுகலாகக் காட்டும் 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸை வாங்கிவிட்டு, நம் வீட்டு அறைகளில் சுவரோடு முதுகு ஒட்டும் வரை பின்னால் போயும் நான்கு பேரைச் சேர்த்து எடுக்க முடியவில்லையே என்று வருந்துகிறார்கள். முகத்தை மட்டும் எடுக்க அது அருமையான லென்ஸ். வீட்டுக்குள் முதல் லென்ஸாக அது வேண்டாம்.

மைத்துனரிடம் வாங்குவதானாலும் சோதித்தே வாங்குங்கள். சொந்தம் என்று கூச்சப்பட்டுச் சும்மா வாங்கிவந்தால் பிறகு மனக்கசப்புத்தான் மிஞ்சும். தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர்களின் ஷட்டர் பொதுவாக ஒரு லட்சம் படம் என்ற அளவுக்குச் சோதிக்கப்பட்டதாக இருக்கும். இதுவரை எத்தனை படம் எடுக்கப்பட்டது என்ற எண் நிக்கானில் படக் கோப்பிலேயே பதிவாகியிருக்கும். கேனானில் அது அவ்வளவு எளிதில் கிடைக்காது. அடுத்து, லென்ஸைக் கழற்றி, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல நூல் நூலாக ஏதேனும் தெரிந்தால் அது பூஞ்சை. எவ்வளவு குறைத்துத் தந்தாலும் அந்த லென்ஸை எடுக்காதீர்கள்.

மிரர்லெஸ்ஸுக்கு உண்மையான ஆதாயங்கள் உண்டு. முதன்மையானது, கண்ணைத் தானே கண்டறிந்து ஃபோகஸ் செய்வது. ஓரிடத்தில் நில்லாத குழந்தையை எடுப்பவருக்கு இது பெரிய உதவி. எடையும் சற்றுக் குறையும். பேட்டரியோடு சேர்த்து நிக்கான் டி5600 465 கிராம், கேனான் ஆர்50 375 கிராம். புதிதாகத்தான் வாங்குவேன் என்று முடிவு செய்தால், அதில் வியூஃபைண்டர், அதாவது கண்ணை வைத்துப் பார்க்கும் சிறு சாளரம், இருக்கிறதா என்று பாருங்கள். நிக்கான் இசட்30 நல்ல கேமராதான், ஆனால் அதில் வியூஃபைண்டர் கிடையாது. வீட்டுக்குள் அது குறையாகத் தெரியாது, பாபநாசம் படித்துறையில் பதினோரு மணி வெயிலில் நின்று பின்திரையைப் பார்க்கும்போது திரையில் உங்கள் முகம்தான் தெரியும். கேனான் ஆர்50இல் வியூஃபைண்டர் உண்டு. அதற்குச் சிக்மாவின் 30 மில்லிமீட்டர் எஃப் 1.4 போன்ற ஒரு லென்ஸைப் பின்னர் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டையும் சேர்த்தால் உங்கள் 60,000 தாண்டிவிடும் என்பதால்தான், நல்ல நிலையிலுள்ள பழைய டிஎஸ்எல்ஆரும் எஃப் 1.8 லென்ஸும் என்ற சேர்க்கையை முதலில் வைக்கிறேன். மிச்சப் பணத்தைக் கூந்தன்குளத்துக்கு ஒதுக்கி வையுங்கள்.

கூந்தன்குளத்தைப் பொறுத்தவரை நமக்கு ஒரு கொடுப்பினை இருக்கிறது. மஞ்சள்மூக்கு நாரைகள் ஊருக்குள்ளேயே, வீடுகளை ஒட்டிய மரங்களில் கூடு கட்டுகின்றன. ஆகவே கூட்டையும் குஞ்சுகளையும் எடுக்க 250 அல்லது 300 மில்லிமீட்டர் வரை போகும் சாதாரண ஜூம் லென்ஸே தொடக்கத்துக்குப் போதும். குளத்தின் நடுவில் நிற்கும் வரித்தலை வாத்துகளுக்கு அது எட்டாது, உண்மைதான். ஆனால் வெளிச்சம் தாராளமாக இருக்கும் இடம் என்பதால் துளை சுருங்கிய மலிவான லென்ஸும் அங்கே வேலை செய்யும். பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகத்தை 2000இல் ஒரு பங்கு அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இந்த லென்ஸை இப்போதே வாங்க வேண்டாம், பறவைகள் வரும் பருவம் நெருங்கும்போது வாங்கினால் போதும்.

கடைக்குப் போகும்போது உங்கள் சொந்த மெமரி கார்டைக் கொண்டு போங்கள். கடை வாசலில் வெயிலைப் பார்த்து எடுக்காமல், கடைக்குள் விளக்குக் குறைந்த மூலையில் நிற்பவரை எடுத்து, வீட்டுக்கு வந்து பெரிய திரையில் பாருங்கள். இலவசமாகத் தருவதாகச் சொல்லும் பையும் முக்காலியும் விலையைக் குறைத்துத் தருவதற்குப் பதிலாகத் தரப்படுபவை. அந்த முக்காலியில் கேமராவை மாட்ட எனக்குத் துணிவில்லை. பில்லும் இந்திய உத்தரவாத அட்டையும் இல்லாத சரக்கை, சில ஆயிரம் குறைகிறது என்பதற்காக எடுக்காதீர்கள்.

வாங்கிய பிறகு இரண்டு விஷயம். ஆடி மாதக் காற்றில் வள்ளியூர், பணகுடிப் பக்கம் போனால் வெளியில் நின்று லென்ஸை மாற்றாதீர்கள், சென்சாரில் தூசி படிந்துவிடும். காருக்குள் உட்கார்ந்து மாற்றுங்கள். மலைப்பக்கச் சாரலில் நனைந்த கேமராவை அப்படியே பைக்குள் போட்டுப் பீரோவில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். துணிகளுக்கிடையே போடும் அந்துருண்டை, கற்பூரம் இருக்கும் அலமாரியில் மட்டும் வைக்காதீர்கள். நிக்கானின் பயன்பாட்டுக் கையேடுகளிலேயே அதற்கு எச்சரிக்கை இருக்கிறது. மைத்துனரின் கேமரா எந்த மாதிரி என்று எழுதி அனுப்பினால், அதற்குப் பொருந்தும் லென்ஸ் எது என்று அடுத்த வாரம் சொல்கிறேன்.