போப்பாண்டவருக்கு ஓட்டுப் போட்ட பினாங்கு ஆயர்! நம்ம பாகான் செராய்க்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?

[காட்சி: பாகான் செராய் கடைத்தெரு, காலை]

வணக்கம் மக்களே! 2025 மே மாதம் புதிய போப்பாண்டவரைத் தேர்ந்தெடுக்க ரோமில் 133 கர்தினால்கள் கூடினார்கள். அதில் ஒருவர் பினாங்கு ஆயர் செபஸ்தியன் பிரான்சிஸ். ஜொகூர் பாருவில் பிறந்தவர், நம்ம மலேசியாக்காரர்! இங்கே பேராக் மாநிலத்துப் பாகான் செராயில் தமிழ்ப் பூசைக்குப் போனால், நற்கருணை மன்றாட்டில் போப்பாண்டவர் பெயருக்கு அடுத்து ஆயர் பெயரையும் சொல்லி வேண்டுவார்கள்.

காரணம், இந்த ஊர் அவருடைய மறைமாவட்டத்தில், அதாவது ஆயராக அவர் பொறுப்பில் உள்ள பகுதியில் இருக்கிறது. பெர்லிஸ், கெடா, பினாங்கு, பேராக், கிளந்தான் ஆகிய ஐந்து மாநிலங்களும் அதில் அடக்கம். உருவானது 1955-இல். ஆயருக்குக் கீழே பங்குகள் (சாமியார் பொறுப்பில் உள்ள கோயில் வட்டாரங்கள்), பங்குக்குக் கீழே சிற்றாலயங்கள், வீட்டுக்கு வீடு கூடி ஜெபிக்கும் அன்பியங்கள். நிர்வாகம் அவ்வளவுதான்.

[காட்சி: சூசைப்பாளையம்]

இனிமேல்தான் எனக்குப் பிடித்த கதை. 19-ஆம் நூற்றாண்டில் ரெனே ஃபே என்ற பிரெஞ்சு சாமியார் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களை இங்கே குடியமர்த்தினார். அந்த ஊர்தான் சூசைப்பாளையம். அப்புறம் 1896-இல் அவரே மலாக்கா ஆயரானார். பினாங்கு, பேராக், சிங்கப்பூர் எல்லாம் அப்போது அந்த ஒரே மறைமாவட்டம்தான். நம் சனத்துக்கு ஊர் அமைத்தவர் தீபகற்பம் முழுதுக்கும் ஆயர்! யோசித்துப் பாருங்கள்.

ஆனால் ரப்பர் தோட்டத்துக் கோயில்களைக் காப்பாற்றியவர் யார் என்று கேட்டால், நான் உபதேசியாரைத்தான் சொல்வேன். சாமியார் எப்போதோ ஒருமுறை வருவார், அதுவும் பல தோட்டங்களைச் சுற்றிக்கொண்டு. மற்ற நாளெல்லாம் உபதேசியார்தான். பால்மரம் வெட்டிவிட்டு வந்த பெரியவர்களை மாலையில் செபமாலைக்குக் கூட்டுவார். பிள்ளைகளுக்கு மந்திரங்களைச் சொல்லிச் சொல்லி மனப்பாடம் ஆக்குவார். சாவு வீட்டில் விடிய விடிய செபம் சொல்வார். திருநாள் வந்தால் கொடியேற்றம், நவநாள், சப்பரம் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பார். சப்பரம் லயத்து வீடுகளை, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளைச் சுற்றி வரும்போது இந்துக் குடும்பங்களும் வாசலில் மெழுகுவர்த்தி ஏற்றிக் கும்பிடும். அந்த ஒற்றுமை எனக்கு ரொம்பப் பெரிய விஷயம்.

ஜூலை 26-இல் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருநாளுக்குக் கூடும் கூட்டத்தைப் பாருங்கள். அதில் பழைய தோட்டத்துக் குடும்பங்கள் எத்தனையோ. தோட்டங்கள் மூடப்பட்டு, சில சிற்றாலயங்கள் இருந்த இடமே இன்று செம்பனை (எண்ணெய்ப்பனை) மரங்களுக்குள் மறைந்துவிட்டது.

அதனால் ஒரு வேண்டுகோள். உங்கள் தோட்டத்துக் கோயிலின் பழைய திருநாள் படங்கள் பீரோவில் கிடந்தால் எடுங்கள். படத்தில் இருப்பவர்கள் யார் யார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பின்னால் எழுதி வையுங்கள். தோட்டத்தின் பெயரைக் கமெண்டில் போடுங்கள், அடுத்த வீடியோவுக்கு அங்கேயே வருகிறேன்.