பதிவேட்டைக் காப்போம்

விழாத் தலைவர் அவர்களே, மாவட்டக் கல்வி அலுவலர் அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, எனக்கு அல்ஜீப்ரா சொல்லிக் கொடுத்த பாவத்துக்காக இன்று என் பேச்சையும் கேட்க வந்திருக்கும் ஆசிரியப் பெருந்தகையே, பெற்றோரே, மாணவச் செல்வங்களே, வணக்கம். சால்வைக்கு நன்றி. அடுத்த ஆண்டு அந்தப் பணத்தில் நூலகத்துக்குப் புத்தகம் வாங்குங்கள்.

நம் அரசு உயர்நிலைப் பள்ளியின் வரலாறு, ஊரோடு அதன் உறவு, இனி நாம் செய்ய வேண்டியது என்று மூன்றைப் பேசப் போகிறேன்.

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவு தொடங்கியபோது ஊர்க்காரர்களும் அரிசி, காய்கறி கொடுத்தார்கள். 1958 முதல் அன்றைய கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்நின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஒருவர் பெஞ்சு தந்தார், ஒருவர் கடிகாரம் தந்தார்.

யார் எதைக் கொடுத்தார், யார் இங்கே படித்தார் என்பதற்கு எது சாட்சி? பழைய பதிவேடுதான்! ஒரு பெரியவர் தன் பிறந்த தேதிக்குச் சான்று கேட்டுப் பள்ளிக்கு வந்தார். சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டினோம். அவர் 1951 மார்ச்சில் பிறந்தவர். கீழே அவர் தம்பி. அதே வருடம் ஜூன்! மூன்றே மாதம்! "ஐயா, உங்கள் அம்மா ரொம்ப அவசரக்காரரோ?" என்று எழுத்தர் கேட்டுவிட்டார். பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் சொன்னார்: "தொடக்கப் பள்ளியில் சேர்த்தபோது தலைக்கு மேல் கையைச் சுற்றி மறுபக்கக் காதைத் தொடச் சொன்னார்கள். எட்டினால் பள்ளிக்கு வயது வந்துவிட்டது என்று கணக்கு. இரண்டு பேருக்கும் எட்டியது. வாத்தியார் வாய்க்கு வந்த தேதியைப் போட்டார்." அந்தத் தேதியை வைத்துத்தான் அவர் வேலைக்குப் போனார், ஓய்வும் பெற்றார். தம்பிக்கு மூன்று மாதம் கூடுதல் சம்பளம்! அந்தக் கோபம் அவருக்கு இன்னும் தீரவில்லை.

அந்தப் பதிவேட்டின் பின்பக்கங்களைக் கரையான் தின்றுவிட்டது. அதில் இருந்தவர்கள் எங்கே போய்ச் சான்று கேட்பார்கள்? இரண்டு இரும்பு பீரோ வேண்டும், எல்லாப் பக்கங்களையும் ஸ்கேன் செய்ய வேண்டும். இதை நான் நாலு மேடையில் சொல்லிவிட்டேன், ஐந்தாவதிலும் சொல்வேன். ஊர் கூடினால்தான் இந்தத் தேர் நகரும்.

மணியைப் பார்க்கிறார் தலைவர். மீதியைத் தேநீர் நேரத்தில் கேளுங்கள். வாசலில் ஒரு நோட்டு இருக்கிறது. முன்னாள் மாணவர்கள் பெயரையும் படித்து முடித்த வருடத்தையும் எழுதிவிட்டுப் போங்கள். ஊராட்சித் தலைவர் முதல் பீரோவுக்குத் தலையசைத்ததை எல்லோரும் பார்த்தீர்கள்தானே?