உங்கள் ஜெபங்களுக்குத் தடை

மேடையில் வீற்றிருக்கும் போதகர் ஐயா அவர்களே, போதகர் அம்மா அவர்களே, ஞாயிற்றுக்கிழமையிலும் நமக்காக நேரம் ஒதுக்கி வந்திருக்கும் அடித்தள அமைப்புத் தலைவர் அவர்களே, பெண்கள் ஐக்கியத்தின் தலைவி அவர்களே, பாடகர் குழுத் தம்பி தங்கைகளே, சபையோரே, அனைவருக்கும் கிறிஸ்துவின் நாமத்தில் என் வணக்கம். சென்ற ஆண்டு நான் பேசியதைக் கேட்ட பிறகும் மறுபடி அழைத்த போதகர் ஐயாவின் பொறுமைக்கு நன்றி. பின்வரிசையில் குழந்தைகளைச் சமாளித்துக்கொண்டிருக்கும் தாய்மாருக்கும் வணக்கம். அப்பாமார் எங்கே?

இல்லறத்தில் அன்பு, மரியாதை, மன்னிப்பு என்று மூன்றைப் பற்றிப் பேசப் போகிறேன். முதலில் அன்பு.

எபேசியர் 5ஆம் அதிகாரம் என்றதும் நம் ஆண்கள் 22ஆம் வசனத்தை மனப்பாடமாகச் சொல்வார்கள். மனைவிகள் கீழ்ப்படிய வேண்டும், சரி. ஆனால் அதற்கு முந்தின வசனம் 'தெய்வபயத்தோடே ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்' என்கிறதே, அது மட்டும் ஏன் வாயில் வருவதில்லை? கிறிஸ்து சபைக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்ததுபோல மனைவியிடம் அன்புகூரச் சொல்கிறார் பவுல். உயிரையே கொடுக்கச் சொல்கிறார். நாம் தட்டைக் கழுவவே யோசிக்கிறோம். 'ஊருக்கு உபதேசம், உனக்கல்லடி பெண்ணே' என்று சும்மாவா சொன்னார்கள்?

யீஷூன் வட்டாரத்தில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டம். அன்றைக்குப் பார்த்து மின்தூக்கி பழுது. பத்தாவது மாடி. எல்லாரும் மூச்சு வாங்க ஏறி வந்து, மின்விசிறிக்கு அடியில் இடம் பிடிக்க ஒரு சின்னப் போராட்டம் நடத்தி உட்கார்ந்தோம். வீட்டுக்காரர் நல்ல பேச்சாளர். அன்றைய பகுதி 1 கொரிந்தியர் 13. 'அன்பு சினமடையாது' என்று உருகி உருகிப் பேசிக்கொண்டிருந்தவர், திடீரென்று சமையலறைப் பக்கம் திரும்பி, "ஏய், டீ என்னாச்சு?" என்று ஒரு சத்தம் போட்டார். மூலையில் இருந்த பாட்டி ஒருவர், "தம்பி, சினமடையாதுன்னு இப்பத்தானே சொன்னே?" என்றார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. மனிதருக்கு ரோஷம் வந்து, மனைவியை உட்காரச் சொல்லிவிட்டுத் தாமே உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து குரல்: "தேயிலை எங்கேம்மா?" அப்புறம், "சீனி எங்கே?" அப்புறம், "வடிகட்டி எங்கே?" அந்த அம்மா நாற்காலியை விட்டு அசையவில்லை. "தேடுங்கள், அப்பொழுது கண்டடைவீர்கள்" என்றார்!

டீ வந்தது. எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள்.

இரண்டாவது, மரியாதை. நம் சிங்கப்பூரில் பெண்களின் உரிமைகளுக்கான சட்டமான மாதர் சாசனம் 1961இல் வந்தது. குடும்பத்தை நடத்துவதில் கணவன், மனைவி இருவருக்கும் சம உரிமை உண்டு என்று அதில் இருக்கிறது. சட்டத்துக்கு வெகுகாலம் முன்பே பேதுரு சொல்லிவிட்டார்: 'உங்கள் ஜெபங்களுக்குத் தடைவராதபடிக்கு' மனைவிக்குச் செய்யவேண்டிய கனத்தைச் செய்யுங்கள் என்று. ஜெபம் ஏன் கேட்கப்படவில்லை என்று உபவாசம் இருக்கிறோம். வீட்டில் மனைவியோடு பேசும் தொனியை யாராவது சோதித்துப் பார்த்தோமா?

வீடு கிடக்கட்டும், நம் சபையையே பாருங்கள். ஐக்கிய விருந்து என்றால் சனிக்கிழமை இரவு வெங்காயம் உரிப்பவர்கள் பெண்கள். பிரசங்கத்தின் பாதியில் எழுந்து போகிறவர்களும் அவர்களே. சாப்பிட்டு முடித்ததும் ஆண்கள் கால்பந்து பேசுவோம். அவர்கள் பாத்திரம் தேய்ப்பார்கள். இதை மூன்று கூட்டங்களில் எழுப்பிவிட்டேன். மூப்பர்கள் புன்னகை செய்கிறார்கள். ஊருக்கு உபதேசம்! வீட்டில் பணிப்பெண் இருப்பதால் பழக்கமில்லை என்று ஒரு சகோதரர் காரணம் சொன்னார். அந்தப் பெண்ணுக்குரிய மரியாதையையும் சேர்த்துப் பேச இன்னொரு கூட்டம் வேண்டும்.

போதகர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். மன்னிப்பைப் பற்றிப் பேச நேரமில்லை, மன்னியுங்கள். வாசல் மேசையில் ஒரு தாள் வைத்திருக்கிறேன், ஆண்களுக்கு மட்டும். அடுத்த விருந்திலிருந்து சமையலறை முறை அதன்படிதான். என் பெயரை முதலில் எழுதியிருக்கிறேன். பிரியாணி அண்டாவை ஒருவரால் தூக்க முடியாது. அந்த வரியில் இன்னொரு பெயர் வேண்டும்.