காதுக்குக் கேட்காத அபாஸ்ட்ரஃபி

நேயர்களுக்கு வணக்கம். பாய்ஸ் என்று ஆங்கிலத்தில் நான் இப்போது சொன்னால், பல பையன்களைச் சொல்கிறேனா, ஒரு பையனுடைய பொருளைச் சொல்கிறேனா, பல பையன்களுடைய பொருளையா? வானொலியில் கேட்கிற உங்களுக்குத் தெரிய வழியே இல்லை. மூன்றுக்கும் உச்சரிப்பு ஒன்றுதான். எழுதினால்தான் வித்தியாசம் தெரியும். எஸ்ஸுக்கு முன்னால் அபாஸ்ட்ரஃபி, அதாவது எழுத்துக்கு மேலே காற்புள்ளி மாதிரி போடுகிற குறி, வந்தால் ஒருவனுடையது. எஸ்ஸுக்குப் பின்னால் வந்தால் பலருடையது. வராவிட்டால் வெறும் பன்மை.

தமிழில் பையன்கள், பையனுடைய, பையன்களுடைய என்று சொல்லும்போதே விளங்கிவிடும். அதனால் நம் பிள்ளைகள் இதில் தடுமாறுவதை நான் பெரிய குற்றமாக நினைப்பதில்லை. லண்டனிலேயே ஏர்ல்ஸ் கோர்ட் ரயில் நிலையத்தின் பெயரில் அபாஸ்ட்ரஃபி உண்டு, பிக்காடில்லி தடத்தில் அதற்கு அடுத்த பேரன்ஸ் கோர்ட்டில் கிடையாது.

தடுமாற்றம் அதிகமாவது பிகாஸ் ஆஃப், ஆன் பிஹாஃப் ஆஃப், அக்கார்டிங் டு மாதிரியான இணைப்புத் தொடர்களுக்குப் பிறகு. ஆஃப் வந்துவிட்டாலே அடுத்த சொல்லுக்கு அபாஸ்ட்ரஃபி போடுகிறவர்கள் உண்டு. ஆஃப் இருக்கிறதே, இனி எதற்கு என்று விட்டுவிடுகிறவர்களும் உண்டு. உண்மையில் இணைப்புத் தொடருக்கு இதில் எந்த அதிகாரமும் இல்லை. பன்மைச் சொல்லுக்குப் பின்னால் அதற்கு உரிய பொருள் ஏதாவது வருகிறதா என்று பாருங்கள். அக்கார்டிங் டு த டாக்டர்ஸ் என்று நிறுத்தினால் டாக்டர்கள் சொல்கிறபடி, அபாஸ்ட்ரஃபி வேண்டாம். அக்கார்டிங் டு த டாக்டர்ஸ் ரிப்போர்ட் என்றால் டாக்டர்களுடைய அறிக்கை. அங்கே எஸ்ஸுக்குப் பிறகு போட்டே ஆகவேண்டும். எஸ்ஸுக்கு முன்னால் போட்டுவிட்டால், அறிக்கை ஒரே ஒரு டாக்டருடையது என்று ஆகிவிடும்.

நாம் அடிக்கடி எழுதுவது லீவு லெட்டர்தானே, அதையே எடுத்துக்கொள்வோம். ஐ ஆம் இன் நீட் ஆஃப் டூ டேஸ் லீவ். இதில் டேஸ் வெறும் பன்மை மாதிரிதான் தெரியும். சந்தேகமாக இருந்தால் இரண்டு நாளை ஒரு நாளாக மாற்றிச் சொல்லிப் பாருங்கள்: ஒன் டேஸ் லீவ். ஒருமை ஆன பிறகும் எஸ் போகவில்லை, பார்த்தீர்களா? அப்படியானால் அது பன்மைக்கு மட்டும் வந்த எஸ் இல்லை, உடைமையும் அதில் இருக்கிறது. ஆக, டூ டேஸ் லீவில் எஸ்ஸுக்குப் பின்னால் அபாஸ்ட்ரஃபி. வேலைக்கு மனுப் போடும்போது எழுதுகிற வித் டென் இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸுக்கும் இதே கதைதான். லீவ் ஆஃப் டூ டேஸ் என்று திருப்பி எழுதினால் தொல்லை இல்லை, டேஸ் கடைசியில் சும்மா நிற்கிறது.

சில்ட்ரன், விமன், மென் போன்ற சொற்கள் நல்ல பிள்ளைகள். எஸ் இல்லாமலே அவை பன்மை. அதனால் உடைமைக்கு அபாஸ்ட்ரஃபியும் எஸ்ஸும் சேர்த்துப் போட்டால் போதும். அபாஸ்ட்ரஃபியை எஸ்ஸுக்கு அப்பால் தள்ளிச் சில்ட்ரன்ஸ் என்று பலகை எழுதுகிறவர்கள், டீச்சர்ஸ் டேயில் பழகிய கையால் எழுதுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

அப்புறம், கொஞ்சம் சிக்கலான ஒன்று. என் நண்பர்களில் ஒருவருடைய அப்பா என்று நாம் சொல்லும்போது 'உடைய' ஒருவரோடு ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் உடைமைக் குறி தொடரின் கடைசிச் சொல்லில்தான் போய் உட்காரும். த கிங் ஆஃப் இங்லண்ட்ஸ் சன் என்றால் மகன் அரசருக்கு, இங்கிலாந்துக்கு இல்லை. ஆனாலும் எஸ் இங்லண்டில்தான். சரி, ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் ஃபாதர்? கடைசிச் சொல் ஃப்ரெண்ட்ஸ். ஏற்கெனவே எஸ்ஸில் முடிகிறது. அதற்குப் பிறகு அபாஸ்ட்ரஃபி போடலாம், இலக்கணம் அடிக்காது. ஆனால் படிக்கிறவர், நண்பர்கள் எல்லாருக்கும் ஒரே அப்பாவா என்று ஒரு நொடி நிற்பார். எஸ்ஸுக்கு முன்னால் போட்டால் அதைவிட மோசம், ஒன் ஆஃப் என்பதற்குப் பிறகு ஒரே ஒரு நண்பர்தான் மிஞ்சுவார். பேச்சில் இது யாருக்கும் தெரியப்போவதில்லை, தாராளமாகச் சொல்லுங்கள். விண்ணப்பமோ அலுவலகக் கடிதமோ எழுதும்போது மட்டும் த ஃபாதர் ஆஃப் ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் என்று மாற்றிவிடுங்கள். இரண்டு ஆஃப் வருகிறதே என்று கூச்சப்பட வேண்டாம்.

நன்றி, வணக்கம்.