வீடு காலியாக இருந்தாலும் தவணை வரும்

நேயர்களுக்கு வணக்கம். கடன் வாங்கி ஒரு வீடு வாங்குவோம், வாடகைக்கு விடுவோம், வாடகையே தவணையைக் கட்டிவிடும் என்று கணக்குப் போட்டு வைத்திருப்பவர்கள் இப்போது கேட்டுக்கொண்டிருந்தால், அந்தத் தாளைக் கொஞ்சம் கையில் எடுங்கள். நானும் அப்படி ஒரு தாள் வைத்திருந்தேன். அதில் 12 மாத வாடகை எழுதியிருந்தது. முதல் ஆண்டு கைக்கு வந்ததோ 8 மாத வாடகைதான். குடியிருந்தவர் காலி செய்தார், போய்ப் பார்த்தால் குளியலறைச் சுவரில் ஈரம் இறங்கி பெயிண்ட் உப்பிக் கிடக்கிறது, அதை உடைத்துப் பூசி, காயவைத்து, அடுத்த ஆள் வருவதற்குள் 4 மாதம் ஓடிவிட்டது. தவணை மட்டும் ஒரு மாதம்கூடத் தாமதிக்கவில்லை.

அதனால் வங்கி எவ்வளவு கொடுக்கும் என்று கேட்பதற்கு முன்னால், பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு நம்மால் எத்தனை மாதம் தவணை கட்ட முடியும் என்று பாருங்கள். 6 மாதத் தவணையாவது தனியாக இல்லையென்றால் நான் அவசரப்பட மாட்டேன். சிலர் முன்பணத்தையே தனிநபர் கடனில் புரட்டுகிறார்கள், அது வேண்டவே வேண்டாம்.

சரி, தவணைக்குள் என்ன நடக்கிறது? 20 ஆண்டுக் கடன், 9 சதவீத வட்டி, கடன் தொகை 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 90 காசு கட்ட வேண்டும். முதல் மாதம் அதில் 75 காசு வட்டிக்கே போய்விடும், அசலில் கழிவது 15 காசு. 5 ஆண்டு விடாமல் கட்டினால் நீங்கள் கொடுத்திருப்பது ஏறக்குறைய 54, அசலில் குறைந்திருப்பது 11 சொச்சம். அதனால்தான் கூடுதல் பணம் கிடைத்தால் ஆரம்ப ஆண்டுகளிலேயே அசலில் போடுங்கள் என்கிறேன், பதினைந்தாம் ஆண்டில் போட்டால் பலன் ரொம்பக் குறைவு.

மாறும் வட்டி என்றால் இன்னொரு சங்கதி. வட்டி ஏறும்போது பல இடங்களில் தவணையை ஏற்றாமல் காலத்தை நீட்டிவிடுவார்கள், நமக்கும் உறைக்காது. அதே கடனில் ஆரம்பத்திலேயே வட்டி 9லிருந்து 10 ஆகி, தவணை மாறாமல் இருந்தால், 20 ஆண்டு 26 ஆண்டைத் தாண்டிவிடும். ஒரே ஒரு சதவீதம்தான்! வட்டி மாறியதாகத் தகவல் வந்தால் உடனே எத்தனை மாதம் பாக்கி என்று கேளுங்கள்.

விலை ஏறும் என்ற நம்பிக்கைக்கும் இரண்டு பக்கம் உண்டு. 100க்கு வாங்கிய வீட்டில் நம் பணம் 20, மீதி கடன். விலை 10 சதவீதம் இறங்கினால் நம் பணத்தில் பாதி காலி. ஏறினால் அதே பாதி லாபம், உண்மைதான், ஆனால் வட்டி, பதிவுச் செலவு எல்லாம் அதிலிருந்துதான் போக வேண்டும்.

அப்புறம் ஒப்பந்தம். முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா, எத்தனை ஆண்டு வரை என்பதைத் தேடிப் படியுங்கள். என் முதல் கடனில் அந்த வரி 11ஆம் பக்கத்தில் இருந்தது. நான் நேராக 12ஆம் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டேன்.